இங்கிலீஷ் வாக்கியத்துல ஸ்ட்ரெஸ், இன்டொனேஷன்: புதுசா கத்துக்கிறவங்க எந்த வழியில ஆரம்பிக்கலாம்?

இங்கிலீஷ் பேசக் கத்துக்கிறவங்க கிட்ட ஸ்ட்ரெஸ் (எந்த வார்த்தையை அழுத்தறோம்ங்கறது), இன்டொனேஷன் (குரல் எப்படி ஏறி இறங்குதுங்கறது) பேச்சை எடுத்தா பெரும்பாலும் ரெண்டு விதமான பதில்தான் வரும். ஒண்ணு, "அதெல்லாம் அட்வான்ஸ்டு லெவல், முதல்ல கிராமரை முடிக்கிறேன்". இன்னொண்ணு, ஒரே ராத்திரியில நாலு ஆப் டவுன்லோட் பண்ணி, வீடியோவா சேவ் பண்ணித் தள்ளி, அடுத்த வாரமே எல்லாத்தையும் மறந்துடறது. கிராமர் என்னைக்கும் முடியாது, அதனால முதல் பதிலை விட்டுடலாம். ரெண்டாவது ஆளுக்குத்தான் இந்தக் கட்டுரை, ஏன்னா தினமும் இதுக்குன்னு ஒதுக்க முடியறது ஒரு இருபது நிமிஷம்னு வச்சுக்கிட்டா ஷேடோயிங் (ஆடியோ கூடவே பேசிப் பழகறது), ரெக்கார்டிங், ஆப், டீச்சர், ரூல் படிக்கறதுன்னு எல்லாத்தையும் ஒண்ணா ஓட்ட முடியாது, ஒண்ணைப் பிடிச்சா இன்னொண்ணை விடத்தான் வேணும்.

என் முடிவை இங்கயே சொல்லிடறேன், உடன்படாதவங்க சண்டைக்கு வசதியா இருக்கும். ஒரு வாக்கியத்துல எந்த வார்த்தை மேல கனம் விழணும்னு பென்சிலால குறிச்சுப் பழகறது முதல்ல. ஷேடோயிங் அதுக்கு அடுத்தது. ரெக்கார்டிங் ரெண்டு கூடவும் சேர்ந்து வரணும். உச்சரிப்புக்கு ஸ்கோர் போடற ஆப் கடைசி, அதுவும் இஷ்டம் இருந்தா.

ஏன் பென்சில்னு சொல்றதுக்கு முன்னாடி தமிழ்ல நாம என்ன பண்றோம்னு ஒரு நிமிஷம் பாத்துடலாம். "நான்தான் நேத்து அவளுக்கு போன் பண்ணேன்", "நேத்துதான் நான் அவளுக்கு போன் பண்ணேன்", "அவளுக்குத்தான் நான் நேத்து போன் பண்ணேன்". தான் எங்க ஒட்டுதோ அங்க அழுத்தம், அவ்வளவுதான், குரலை அசைக்காம ஒரே மட்டத்துல சொன்னாலும் கேட்கிறவருக்குப் புரிஞ்சுடும். கேள்வியும் அப்படித்தான், "வர்றியா"ல கடைசியில இருக்கிற ஆ எல்லா வேலையும் பாத்துடுது. இங்கிலீஷ்ல "ஐ கால்ட் ஹெர் யெஸ்டர்டே"ங்கற வாக்கியம் இந்த மூணு அர்த்தத்துக்கும் அப்படியே ஒரு எழுத்து மாறாம நிக்கும். மாத்த வேண்டியது குரலை மட்டும். ஐ மேல கனம் போட்டா நான்தான், ஹெர் மேல போட்டா அவளுக்குத்தான், யெஸ்டர்டே மேல போட்டா நேத்துதான். நமக்கு அந்த தான் எங்க வரணும்னு பிறந்ததுல இருந்தே தெரியும், அந்த இடத்துக்குக் குரலைக் கொண்டு போறது மட்டும்தான் பழக்கம் இல்ல. ஆக இது புதுசா ஒரு அறிவைத் தேடற வேலையே இல்ல, இருக்கிற அறிவை வேற கருவிக்கு மாத்தற வேலை, அதனாலதான் ஆரம்ப நிலையிலயே இதைத் தொடலாம்னு சொல்றேன்.

சரி, ஸ்ட்ரெஸ் முதல்லயா இன்டொனேஷன் முதல்லயா? நிறைய கோர்ஸ்ல ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டிக் கொடுப்பாங்க, வளைஞ்சு வளைஞ்சு அம்புக்குறி போட்ட சார்ட் ஒண்ணு வேற இருக்கும், ஏறி இறங்கறது, இறங்கி ஏறறதுன்னு. என் ஓட்டு ஸ்ட்ரெஸ்ஸுக்கு. ஜெனிஃபர் ஜென்கின்ஸ்னு ஒரு ஆய்வாளர், தாய்மொழி இங்கிலீஷ் இல்லாதவங்க ஒருத்தருக்கொருத்தர் இங்கிலீஷ்ல பேசறப்போ எது தப்பானா புரியாம போகுதுன்னு பாத்து 2000ல ஒரு பட்டியல் போட்டாங்க. வாக்கியத்தோட முக்கியமான அந்த ஒத்தை அழுத்தம் எங்க விழணும்ங்கறது அந்தப் பட்டியல்ல உள்ள இருந்துச்சு. குரல் எந்த ராகத்துல ஏறி இறங்குதுங்கறதை அவங்க வெளியில விட்டுட்டாங்க, புரியறதுக்கு அது அவ்வளவு அவசியம் இல்ல, வகுப்புல சொல்லிக் கொடுத்து வர வைக்கிறதும் கஷ்டம்னு. 2004ல லாரா ஹான்ங்கறவங்க வேற ஒரு பக்கத்துல இருந்து இதையே தொட்டாங்க. வெளிநாட்டு அக்சென்ட்ல ஒரே லெக்சரை மூணு விதமா பேச வச்சு, ஒண்ணுல அழுத்தம் சரியான இடத்துல, ஒண்ணுல தப்பான இடத்துல, ஒண்ணுல அழுத்தமே இல்லாம, அமெரிக்கக் காலேஜ் பசங்க கிட்டப் போட்டுக் காட்டினாங்க. சரியான இடத்துல அழுத்தம் விழுந்த லெக்சரைக் கேட்டவங்களுக்குத்தான் விஷயம் அதிகமா ஞாபகம் இருந்துச்சு, பேசினவரைப் பத்தின அபிப்பிராயமும் நல்லா இருந்துச்சு. அக்சென்ட் மூணுலயும் ஒண்ணுதான்ங்கறதை கவனிக்கணும், அதைத்தான் எல்லாரும் முதல்ல மாத்தணும்னு துடிக்கறாங்க.

இன்டொனேஷனை மொத்தமா ஒதுக்கிடலாம்னு இதுக்கு அர்த்தம் எடுத்துக்காதீங்க. ஜான் கம்பர்ஸ்னு ஒரு மொழியியல் அறிஞர் எழுதின ஒரு சம்பவம் இந்தத் துறையில எல்லாருக்கும் தெரியும். இங்கிலாந்துல ஒரு பெரிய ஏர்போர்ட்டோட ஸ்டாஃப் கேன்டீன்ல இந்தியா, பாகிஸ்தான்ல இருந்து போன பெண்கள் வேலைக்குச் சேர்ந்தாங்க. சாப்பாடு வாங்கறவங்க கிட்ட "கிரேவி வேணுமா"ன்னு கேட்கணும், அதுக்கு அந்தப் பெண்கள் "கிரேவி"ன்னு ஒத்தை வார்த்தை சொல்வாங்க, கடைசியில குரலை இறக்கி. அங்க வேலை பாத்த இங்கிலீஷ்காரங்க அதே வார்த்தையைக் குரலை ஏத்திச் சொல்வாங்க. ஏத்தினா வேணுமான்னு கேள்வி, இறக்கினா "இது கிரேவி, எடுத்துக்கோ"ங்கற மாதிரி ஒரு அறிவிப்பு. கடுப்பா பேசறாங்கன்னு புகார். அந்தப் பெண்களுக்கோ நாம நல்லாத்தானே பேசறோம், ஏன் இப்படி மூஞ்சியைத் திருப்பறாங்கன்னு குழப்பம். ஆக குரலோட போக்கு புரியறதைக் கெடுக்காட்டியும் மரியாதையைக் கெடுத்துடும். அதனால ஆரம்பத்துல மூணே மூணு போக்கு போதும்: சாதாரண வாக்கியம் முடியறப்போ இறக்கணும், ஆமா இல்லன்னு பதில் வர்ற கேள்விக்கு ஏத்தணும், வாட், வேர், ஒய்னு ஆரம்பிக்கிற கேள்விக்குப் பொதுவா இறக்கணும். இந்த மூணாவதுதான் நம்ம ஆளுங்களுக்கு ஆச்சரியமா இருக்கும், கேள்வின்னாலே ஏத்தணும்னு எங்கயோ மனசுல பதிஞ்சு கிடக்கு. சார்ட்ல இருக்கிற மிச்ச வளைவெல்லாம் அப்புறம்.

இப்போ பென்சில். ஒரு சின்ன உரையாடலை எடுத்துக்கலாம். "வேர் ஆர் த கீஸ்?"னு ஒருத்தர் கேட்கிறார். பதில், "தே ஆர் இன் த ப்ளூ பேக்". இதுல முதல்ல அர்த்தம் சுமக்கிற வார்த்தைகளுக்குக் கீழ கோடு போடணும்: ப்ளூ, பேக். தே, ஆர், இன், த எல்லாம் இலக்கணத்துக்காக நிக்கிற சின்ன வார்த்தைங்க, அதுக்குக் கோடு கிடையாது, வேகமா மங்கலா போயிடணும். அடுத்து, கோடு போட்டதுல ஒண்ணே ஒண்ணுக்கு ரெட்டைக் கோடு. வேற காரணம் எதுவும் இல்லன்னா கடைசியா வர்ற அர்த்தமுள்ள வார்த்தைதான் அந்த ராஜா, இங்க பேக். இப்போ கேட்டவர் வந்து பாக்கறார், ரெண்டு பேக் இருக்கு, "த ரெட் பேக்?"னு திரும்பக் கேட்கிறார். பதில், "நோ, த ப்ளூ பேக்". ரெட்டைக் கோடு இப்போ ப்ளூவுக்குத் தாவணும், பேக் ஏற்கனவே பேச்சுல வந்துடுச்சு, அதுல செய்தி எதுவும் இல்ல, அதைத் தரையோட தரையா சொல்லிட்டுப் போயிடணும். இந்த இடத்துலதான் நம்ம பேச்சு சறுக்கும், பழக்கதோஷத்துல பேக் மேலயே மறுபடி கனத்தைப் போட்டு "ப்ளூ பேக்"ன்னு முடிப்போம், கேட்கிறவருக்கு ஒரு நொடி முழிக்க வேண்டி வரும். இன்னும் ஒரு படி போலாம், அவர் பேக்குக்குள்ள தேடறார், கிடைக்கல, அது பேக்குக்குக் கீழ இருக்குன்னு சொல்லணும், "நாட் இன் த பேக், அண்டர் த பேக்". எப்பவும் மங்கலா போற இன், அண்டர் ரெண்டும் இப்போ ரெட்டைக் கோடு வாங்கிடுச்சு. ரூல் படிச்சப்போ சின்ன வார்த்தைக்கு அழுத்தம் கிடையாதுன்னு மனப்பாடம் பண்ணினவங்க இங்க மாட்டிப்பாங்க, உரையாடலோட சேர்த்துக் குறிச்சுப் பழகினவங்க மாட்ட மாட்டாங்க.

இந்த வழியோட பெரிய லாபம் இது மெதுவானது, யோசிக்க நேரம் கொடுக்கும், காசு கிடையாது, நெட் கூட வேண்டாம். தினமும் அஞ்சாறு வரி உரையாடல் ஒண்ணு போதும். நஷ்டமும் இருக்கு, மறைக்க வேண்டாம். குறிக்கிறது எல்லாம் கரெக்டா வரும், வாயைத் திறந்தா பழைய மாதிரியே வரும். பேப்பர்ல பத்துக்குப் பத்து வாங்கிட்டு பேச்சுல தட்டையா பேசறவங்க நிறைய. இன்னொண்ணு, அழுத்தறதுன்னா சத்தத்தைக் கூட்டறதுன்னு நினைச்சு அந்த வார்த்தையில மட்டும் கத்துவாங்க, கேட்டா மிரட்டற மாதிரி இருக்கும். டென்னிஸ் ஃப்ரைங்கற ஒலியியல் ஆய்வாளர் 1955லயும் 1958லயும் பண்ணின சோதனைகள்ல வந்த முடிவே, அழுத்தம்னு காது எடுத்துக்கறது முக்கியமா குரலோட சுருதி மாறறதையும் உயிரெழுத்து நீள்றதையும்தான், சத்தம் கூடறது அதுக்கெல்லாம் பின்னாடிதான். அதனால ரெட்டைக் கோடு போட்ட வார்த்தையை இழுங்க, கொஞ்சம் மேல தூக்குங்க. ப்ளூவை "ப்ளூஊ"ன்னு இழுக்கிறது ஆரம்பத்துல நாடகம் மாதிரி கூச்சமா இருக்கும், ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா அவ்வளவு ஒண்ணும் நாடகமா இருக்காது.

ஷேடோயிங்குக்கு வருவோம், இதுக்குத்தான் இப்போ எக்கச்சக்க ரசிகர்கள். ஆடியோ ஓடும்போதே ஒரு அரை நொடி பின்னாடி நிழல் மாதிரி கூடவே பேசிட்டுப் போறது. 1953ல கோலின் செர்ரிங்கற ஆய்வாளர் ரெண்டு காதுலயும் வேற வேற பேச்சைப் போட்டு கவனத்தைப் பத்தி சோதனை பண்ணினப்போ ஒரு காதுல வர்றதைத் திரும்பச் சொல்ல வச்சது இதே வேலைதான், அப்புறம் மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்குப் போய், அங்கிருந்து மொழி கத்துக்கிறவங்க கிட்ட வந்துடுச்சு. இதுல உள்ள சுகம் என்னன்னா ரூல் எதையும் யோசிக்க வேண்டாம், தாளம் தானா வாயில ஏறும், மங்கலா போக வேண்டிய வார்த்தையெல்லாம் மங்கலாவே போகும், ஏன்னா அந்த வேகத்துல முழுசா உச்சரிக்க நேரமே இருக்காது. எழுதி வச்சுப் படிக்கிறப்போ கேன்ங்கற வார்த்தையை எல்லாரும் முழுசா "ஐ கேன் கம்"னு சொல்வாங்க. நிஜப் பேச்சுல அது "ஐ க்ன் கம்"தான், கனம் கம் மேல. அமெரிக்க இங்கிலீஷ்ல, முடியாதுங்கற அர்த்தம் தர்ற கேன்டோட கடைசி ட் சரியா காதுல விழாது, அதனால கேன்னை இழுத்து அழுத்திச் சொன்னீங்கன்னா வர முடியாதுன்னு சொல்றதா எடுத்துக்கவே வாய்ப்பு அதிகம். வர்றேன்னு சொல்லிட்டு வர மாட்டேன்னு அர்த்தம் ஆனா எப்படி இருக்கும். இந்த மாதிரி விஷயம் பென்சில்ல வராது, ஷேடோயிங்ல வரும்.

அப்புறம் ஏன் அதை ரெண்டாவதா வச்சேன்? புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஷேடோயிங்ல ரெண்டு ஆபத்து. ஒண்ணு வேகம். சாதாரண பாட்காஸ்ட்டோ பேட்டியோ போட்டா மூணாவது வாக்கியத்துல வண்டி போயிடும், நாம பிளாட்ஃபார்ம்ல நிப்போம், அதுக்கப்புறம் வாய் முணுமுணுத்துட்டு இருக்கும், எதையும் கத்துக்கல. யூடியூப்ல வேகத்தை 0.75க்குக் குறைச்சா கொஞ்சம் சமாளிக்கலாம், அதுக்குக் கீழ போனா பேச்சோட இழுவை இயல்பு கெட்டுப்போய் அதையே காப்பி அடிக்க ஆரம்பிச்சுடுவோம். ரெண்டாவது ஆபத்து பெருசு, ஷேடோயிங் பண்றப்போ அழுத்தம் எங்க விழணும்னு முடிவு எடுக்கறது ஆடியோல பேசறவர், நாம இல்ல. அவர் முடிவை நாம நகல் எடுக்கறோம். சொந்தமா ஒரு வாக்கியம் பேசறப்போ அந்த முடிவை எடுக்க ஆள் இல்ல, உடனே பழைய தட்டைப் பேச்சுக்குத் திரும்பிடுவோம். அதனாலதான் முன்னாடியே பென்சில்ல குறிச்ச உரையாடலையே ஷேடோ பண்ணச் சொல்றேன். முதல்ல எழுத்தைப் பாத்து எங்க கனம் விழும்னு நீங்களே குறிச்சுடுங்க, அப்புறம் ஆடியோவைப் போட்டு அவர் எங்க போட்டார்னு பாருங்க, ஒத்துப்போகாத இடத்துல ஏன்னு ரெண்டு நிமிஷம் யோசிங்க, அதுக்கப்புறம் கூடவே பேசுங்க. அரை நிமிஷ ஆடியோ போதும், ஒரு மணி நேர எபிசோட் வேண்டாம்.

கைதட்டி, மேசையைத் தட்டித் தாளம் போட்டுப் பழகற முறையும் ஒண்ணு உண்டு. இங்கிலீஷ்ல அழுத்தம் விழற இடங்களுக்கு நடுவுல இடைவெளி சமமா இருக்கும்ங்கற கருத்துல வந்தது, கென்னத் பைக்ங்கற மொழியியல் அறிஞர் 1945ல இதுக்குப் பேர் வச்சார். பிற்பாடு 1980கள்ல அளந்து பாத்தவங்களுக்கு அந்தச் சமம் கிடைக்கல. ஆனாலும் ஒரு ரெண்டு வாரம் ஜாலியா தட்டிப் பாக்கலாம், சின்ன வார்த்தைகளைச் சுருக்கறதுக்கு உதவும், டிக் டிக்னு தாளம் போடற மெட்ரோனோம் கருவி வாங்கற அளவுக்குப் போக வேண்டாம்.

ரெக்கார்டிங்கைத் தனி வழியா எண்ணறதே தப்புன்னு தோணுது, அது மத்த வழிகளுக்கெல்லாம் கண்ணாடி. போன்ல இருக்கிற வாய்ஸ் ரெக்கார்டர் போதும். நம்ம குரலைக் கேட்கவே பிடிக்காதுன்னு நிறைய பேர் இதைத் தவிர்ப்பாங்க, அது எல்லாருக்கும் அப்படித்தான், எலும்பு வழியா உள்ள கேட்கிற குரலும் காத்து வழியா வெளிய போற குரலும் வேற. கேட்கிறப்போ மொத்தமா நல்லா இருக்கா இல்லையான்னு கேட்டுட்டு இருந்தா பிரயோஜனம் இல்ல. ரெட்டைக் கோடு போட்ட வார்த்தை காதுல தனியா நிக்குதா, அதுக்கப்புறம் வர்ற வார்த்தைங்க அடங்கிப் போகுதா, இந்த ரெண்டு மட்டும். காதுல வித்தியாசம் பிடிபடலன்னா பிராட்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துல பால் போர்ஸ்மா, டேவிட் வீனிங்க் ரெண்டு பேரும் உருவாக்கினது, இலவசம். குரலோட சுருதியைக் கோடா வரைஞ்சு காட்டும். அந்தக் கோடு தரையோட படுத்துக் கிடந்தா காரணம் தெரிஞ்சுடும். ஆனா அது ஆராய்ச்சிக்காரங்களுக்குச் செஞ்ச சாமான், பட்டன் எல்லாம் பாத்தாலே மிரட்டும், மூச்சு விடறதைக் கூட ஏதோ புள்ளியா போட்டு வைக்கும், கம்ப்யூட்டர்ல கை பழகினவங்க மட்டும் போங்க. மத்தவங்களுக்குக் காதே போதும்.

அடுத்து ஆப். தனித்தனி எழுத்தொலி தப்பாச்சுன்னா சிவப்புல காட்டற ஆப் நிறைய இருக்கு, அந்த வேலைக்கு அது பரவால்ல. ஸ்ட்ரெஸ் விஷயத்துல எனக்குத் திருப்தி இல்ல, காரணம் மேல பாத்த ப்ளூ பேக் உதாரணத்துலயே இருக்கு. ஒரே வாக்கியத்துக்கு முன்னாடி என்ன கேள்வி வந்துச்சுங்கறதைப் பொறுத்துத்தான் சரியான அழுத்தம் மாறும், ஆப் பெரும்பாலும் தனி வாக்கியம் ஒண்ணைக் காட்டி ஒரு மாதிரிக் குரலோட ஒப்பிட்டு மார்க் போடும். நீங்க வேற நல்ல காரணத்துக்காக வேற வார்த்தையை அழுத்தினா மார்க் குறையும். ஸ்கோர் 80ல இருந்து 85 ஆக்கறதுக்காக அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிட்டு உக்காந்திருக்கிற நேரத்துல ரெண்டு உரையாடல் குறிச்சு முடிச்சிருக்கலாம். ஒரே நல்லது, தினமும் ஞாபகப்படுத்தும், சோம்பேறிகளுக்கு அதுவும் ஒரு உதவிதான்.

டீச்சர் வச்சுக்கிட்டா நல்லதா? நல்ல டீச்சர் கிடைச்சா இதுக்கெல்லாம் மேல, அதுல சந்தேகமே இல்ல, ஏன்னா நீங்க சொன்னது அவருக்கு என்னவா கேட்டுச்சுன்னு ஒரு மனுஷன்தான் சொல்ல முடியும். கனடாவுல டெர்விங், மன்ரோ, வீப் மூணு பேரும் 1998ல வெளியிட்ட ஒரு ஆய்வுல ஒரு குரூப்புக்குத் தனித்தனி ஒலிகளையும் இன்னொரு குரூப்புக்கு அழுத்தம், தாளம், இன்டொனேஷனையும் சொல்லிக் கொடுத்தாங்க. வாக்கியத்தை வாசிக்கிறதுல ரெண்டு குரூப்புமே முன்னேறினாங்க. ஒரு கதையைச் சொந்தமா சொல்லச் சொன்னப்போ கேட்கறவங்களுக்குச் சுலபமா புரியற மாதிரி முன்னேறினது ரெண்டாவது குரூப் மட்டும்தான். ஆக டீச்சரைத் தேடறப்போ கேட்க வேண்டிய கேள்வி இதுதான், முழு வாக்கியத்தோட தாளத்தைத் தொடுவீங்களா, இல்ல வி, டபிள்யூ வித்தியாசத்துலயே மாசத்தை ஓட்டிடுவீங்களா. வாரம் முழுக்க டீச்சர் வேணும்னு இல்ல. நீங்களே குறிச்சு, ரெக்கார்ட் பண்ணி, அதுல சந்தேகமான அஞ்சு வாக்கியத்தை மட்டும் எடுத்துட்டு ஒரு வகுப்புக்குப் போனா அந்தக் காசுக்கு நிறைய கிடைக்கும். டீச்சருக்கு வழி இல்லாதவங்க கூடக் கத்துக்கிற ஒருத்தரைப் பிடிச்சு ஒரு விளையாட்டு ஆடலாம், ஒரே வாக்கியத்தை ஏதோ ஒரு வார்த்தையை அழுத்தி நீங்க சொல்லணும், எந்தக் கேள்விக்கு இது பதில்னு அவர் கண்டுபிடிக்கணும். அவர் தப்பா கண்டுபிடிச்சா உங்க அழுத்தம் சேரலன்னு அர்த்தம். சண்டை வந்தா ரெக்கார்டிங்.

இந்த வரிசையை எல்லாருக்கும் பொருந்தும்னு சொல்ல மாட்டேன். பாட்டுப் பாடறவங்க, மிமிக்ரி வர்றவங்க, காதுல விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்ற வரம் இருக்கிறவங்க நேரா ஷேடோயிங்ல குதிக்கலாம், பென்சிலை வாரத்துக்கு ஒரு தடவை எடுத்தா போதும். ஐஈஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் தேர்வு எழுதப் போறவங்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேற, ஸ்பீக்கிங் மதிப்பெண்ணுக்கு நாலு அளவுகோல், நாலும் சம எடை, அதுல ஒண்ணு உச்சரிப்பு, அந்த உச்சரிப்புக்குள்ளயேதான் ஸ்ட்ரெஸ்ஸும் இன்டொனேஷனும் வருது. தேர்வு ஒரு மாசத்துல இருந்தா மனப்பாடப் பதிலை அழகா ஷேடோ பண்ணிட்டுப் போறதை விட, ரெண்டு நிமிஷம் சொந்தமா பேசி ரெக்கார்ட் பண்ணி, கேட்டு, எழுதிப் பாத்து ரெட்டைக் கோடு போட்டு, மறுபடி பேசறதுதான் வேலைக்கு ஆகும். போன்லயே நாள் முழுக்க வேலை பாக்கறவங்க அந்த மூணு இன்டொனேஷன் போக்கை முன்னாடி கொண்டு வந்துடணும், முகம் தெரியாத இடத்துல குரல் மட்டும்தான் மரியாதையைச் சுமக்குது, கிரேவி கதை அவங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

எப்போ அடுத்த கட்டத்துக்குப் போறதுன்னா, குறிக்காம பேசின ஒரு ரெக்கார்டிங்கைக் கேட்டு அதுல ரெட்டைக் கோடு எங்க போடுவீங்களோ அங்கயே உங்க குரலும் போயிருக்கான்னு பாருங்க, பாதிக்கு மேல ஒத்துப்போனா பென்சிலைக் குறைச்சு ஷேடோயிங்கைக் கூட்டிடலாம். "யூ ஆர் கமிங், ஆன்ட் யூ?"ங்கற மாதிரி வால் கேள்விகளை மட்டும் அப்பவும் தொட வேண்டாம். அதுல குரலை ஏத்தினா நிஜமாவே தெரியாம கேட்கறீங்க, இறக்கினா தெரிஞ்சதை உறுதிப்படுத்திக்கிறீங்கன்னு ஆகும், போதாததுக்கு ஆன்ட், டஸ்ன்ட், வோன்ட்னு கிராமரையும் சேர்த்து மாத்தணும். அதுவரைக்கும் கடைசியில ஒரு "ரைட்?" போட்டு ஓட்டுங்க, குரலை லேசா ஏத்தி.